வயிற்று நோயும் வம்ச வழியும்

பிரேசர் டவுனிலும், அதை ஒட்டிய காக்ஸ் டவுன், டானரி ரோடு, அல்சூர் முதலிய பகுதிகளிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில் இரைப்பைப் புற்றுநோயால் ஒருவர் மறைந்து, கருமாதி முடிந்து, உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வினா மெல்ல எழுவதுண்டு. "அப்பாவுக்கு வந்தது, பெரியப்பாவும் இதே வயிற்று வலியில்தான் போனார், இனி யாருக்கு?" என்பதே அது. இவ்வினாவை யாரும் உரக்கக் கேட்பதில்லை. வீட்டில் மணப்பருவத்தில் ஒரு பெண் இருப்பாள். பேச்சு வெளியே போனால் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற அச்சம் எல்லோர் வாயையும் மூடிவிடுகிறது.

இதற்கு இரு வகையான விடைகள் நம்மிடையே வழங்குகின்றன. எல்லாம் தலைவிதி, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஒன்று. அது பழைய காலத்து நோய், நாம் ஊரையும் உணவையும் மாற்றிக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று, நமக்கு வராது என்பது மற்றொன்று. இரண்டுமே அரைகுறை உண்மைகள். கடந்த சில ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ள செய்திகள், இவ்விரண்டையும்விடத் தெளிவானதும் நம்பிக்கை தரத்தக்கதுமான ஒரு விடையை அளிக்கின்றன. அதனை நம் வாசகர்களுக்கு இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் நோயின் அளவைக் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 1982-ஆம் ஆண்டு முதல் பெங்களூர், சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் புற்றுநோய்ப் பதிவேடுகள் நடைபெற்று வருகின்றன. பெங்களூர்ப் பதிவேட்டை 1973-இல் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவ நிலையமும், சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிலையமும் பேணி வருகின்றன. இவ்விரு நகரங்களிலும் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளது. வடகிழக்கில் உள்ள மிஜோரம் மாநிலத்தை விட்டுவிட்டால், வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவிலேயே இந்நோய் மிகுதி. ஆகவே இது நமக்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று.

இனி, நோய் எவ்வாறு வம்ச வழியில் இறங்குகிறது என்பதைப் பார்ப்போம்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. உடலைக் கட்டி நடத்துவதற்கு வேண்டிய கட்டளைகள் யாவும் அதில் சுமார் 300 கோடி எழுத்துக்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்றற்கொன்று துணையான இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்பதே அதன் அமைப்பு. ஓரிழையைப் பார்த்தால் மற்றதில் என்ன எழுத்து இருக்கவேண்டும் என்று சொல்லிவிடலாம். உயிரணு ஒன்று இரண்டாகப் பெருகும்போது இந்த ஏடு முழுவதும் பெயர்த்தெழுதப்பட வேண்டும். இரைப்பையின் உட்சுவரோ சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அமிலத்தின் நடுவே இருப்பதால் அதற்கு அந்த அவசியம் உண்டு. எனவே அங்கே ஏடு பெயர்த்தெழுதும் வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

ஓலைச் சுவடிகளைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர்களிடம் நேர்ந்த பிழைகளை அறிஞர் உலகம் அறியும். ஓரெழுத்து மாறும், ஒரு வரி விட்டுப்போகும், பூச்சி அரித்த இடத்தில் பொருளே மறைந்துவிடும். உயிரணுவிலும் அவ்வாறே. பெயர்த்தெழுதும்போது நேரும் பிழைகள் போக, வெப்பத்தாலும், உயிர்வளியின் வேகத்தாலும், புகையிலை நஞ்சினாலும் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் சிதைவுகள் உண்டாகின்றன. இவையெல்லாம் அப்படியே நின்றால் மனிதன் வாழவே முடியாது. நாம் வாழ்கிறோம் என்றால், அப்பிழைகளைத் திருத்தும் புலவர் கூட்டம் ஒன்று உள்ளே இருக்கிறது என்றுதானே பொருள்?

அந்தத் திருத்தும் முறைகளைக் கண்டறிந்ததற்காகத் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சான்சார் என்னும் மூவருக்கு 2015-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. கெட்டுப்போன தனி எழுத்தை வெட்டியெடுத்து வேறெழுத்து வைக்கும் முறையை லிண்டாலும், புற ஊதாக் கதிர் முதலியவற்றால் சிதைந்த பகுதியைத் துண்டாக அகற்றி நிரப்பும் முறையைச் சான்சாரும், பெயர்த்தெழுதும்போது பொருந்தாமற்போன எழுத்தை மூல இழையைப் பார்த்துத் திருத்தும் முறையை மாட்ரிச்சும் விளக்கினர். இவையன்றி இன்னொரு முறையும் உண்டு. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் முறிந்துவிட்டால் ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்த வழியில்லை. அப்போது அதே ஏட்டின் மறுபடி ஒன்றை அருகே கொணர்ந்து, அதைப் பார்த்து முறிவை இணைக்கவேண்டும். சிதைந்த சுவடியை வைத்துக்கொண்டு, வேறொரு நல்ல பிரதியைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் அவர்களை நினைத்துக்கொண்டால் இம்முறை எளிதில் விளங்கும்.

இத்திருத்தும் வேலையைச் செய்பவை சில புரதங்கள். அப்புரதங்களைப் படைக்கும் கட்டளைகளும் அதே ஏட்டில்தான் எழுதப்பட்டுள்ளன. அக்கட்டளைப் பகுதிகளையே திருத்தும் ஜீன்கள் என்கிறோம். பொருந்தா எழுத்தைத் திருத்துபவை எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்னும் நான்கு. இரட்டை முறிவைச் சீராக்கும் பணியில் ஈடுபடுபவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, பி.ஏ.எல்.பி.2, ஏ.டி.எம். முதலியவை. ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதிகளாகக் கிடைக்கிறது. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. அவற்றுள் ஒன்று பழுதாகவே பிறந்தவர்க்கும் மற்றது இருக்கும்வரை வேலை நடக்கும். ஆனால் வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த இரண்டாம் பிரதியும் கெட்டுவிட்டால், அவ்வுயிரணுவில் திருத்துவோர் இல்லை. பிழைமேல் பிழை சேரும். அடக்கமின்றிப் பெருகும் பிழை ஒன்று அவற்றுள் அமைந்துவிட்டால் அதுவே புற்றுநோயின் வித்து.

நோய் வம்சத்தில் இறங்குவதாகச் சொல்வதன் பொருள் இதுதான். இறங்குவது நோய் அன்று. திருத்தும் ஆற்றலில் ஒரு குறை. அக்குறை உள்ளவரின் பிள்ளைகளுள் ஒவ்வொருவருக்கும் அது இறங்கவும் இறங்காமலிருக்கவும் சரிபாதி வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்ற வேற்றுமை இதில் இல்லை. மருமகளின் பிறந்த வீட்டைக் குறைகூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. "உன் வழியில் வந்த நோய்" என்று பழித்துரைப்பதும் உண்டு. மார்பகப் புற்றுநோயோடு பெரிதும் சேர்த்துப் பேசப்படும் பி.ஆர்.சி.ஏ. ஜீன்களின் பழுதுகூடத் தந்தை வழியிலும் சமமாக வரும் என்பதை அறிந்தால் இப்பழிக்கு இடமிராது.

இந்த உண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்பதும் சுவையான வரலாறு. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஆல்டிரெட் வார்த்தின் என்னும் நோய்க்குறி ஆய்வாளரிடம், அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருத்தி, தன் குடும்பத்தார் பலர் புற்றுநோயால் இறந்ததாகவும், தானும் அவ்வாறே இளமையில் இறப்பது உறுதி என்றும் கூறினாள். அவள் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தாள். வார்த்தின் அவள் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். அக்குடும்பத்தின் முற்பட்ட தலைமுறைகளில் இரைப்பைப் புற்றும் கருப்பைப் புற்றும் மிகுந்திருந்தன. பின்னர் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் அதே குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்து 1971-இல் எழுதியபோது, பெருங்குடல் புற்றே மிகுந்திருந்தது. இரைப்பைப் புற்று அருகிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் பழுது எம்.எஸ்.எச்.2 ஜீனில் இருப்பது அறியப்பட்டது. இவ்வகைக் குறையை இன்று லிஞ்ச் கூட்டுநோய் என்று அழைக்கிறார்கள்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக ஜீனின் பழுது மாறவில்லை. நோய் தாக்கும் உறுப்பு மாறிற்று. அதே காலத்தில் அமெரிக்க மக்கள் அனைவரிடமும் இரைப்பைப் புற்றுநோய் குறைந்து வந்தது. ஆகவே பழுது உள்ளே இருந்தாலும், அது எங்கே எப்போது வெளிப்படும் என்பதை வெளியிலுள்ள வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அந்த வேறொன்றின் பெயர் பிற்காலத்தில் தெரிந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒரு திருகு வடிவக் கிருமியை வளர்த்துக் காட்டினர். அமிலத்தில் கிருமி வாழுமா என்று உலகம் நகைத்தது. 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, உண்மையை மெய்ப்பித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அக்கிருமியை 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்குவதோடு, இரைப்பை உயிரணுக்களின் டி.என்.ஏ.யில் இரண்டு இழைகளையும் முறித்துவிடுகிறது என்பதும் 2011-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது.

கிருமி முறிக்கிறது, திருத்தும் ஜீன் இணைக்கிறது. அந்த ஜீனே பழுதானவர்களின் இரைப்பையில் இக்கிருமி குடியிருந்தால் என்ன நேரும்?

இவ்வினாவுக்கு ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விடை வெளியிட்டனர். இரைப்பைப் புற்றுநோய் கொண்ட 10,426 பேரையும், நோயற்ற 38,153 பேரையும் ஒப்பிட்டு, பழுதானால் புற்றுநோய்க்கு வழிசெய்யும் 27 ஜீன்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்பது ஜீன்களின் பழுது இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, பி.ஏ.எல்.பி.2, ஏ.டி.எம்., எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகிய ஏழும் மேலே நாம் கூறிய திருத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவை. இன்னொரு தொகுதி மக்களிடம் கிருமியையும் சேர்த்து ஆராய்ந்தபோது கிடைத்த கணக்கு இன்னும் வியப்பானது. இரட்டை முறிவைச் சீராக்கும் ஜீன்களில் பழுதும் இரைப்பையில் கிருமியும் ஒருங்கே உடையவர்களில், 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 45.5. கிருமி மட்டும் இருந்து ஜீன் பழுதில்லாதவர்களில் அது நூற்றுக்கு 14.4. கிருமியும் பழுதும் இல்லாதவர்களிலோ நூற்றுக்கு 5-க்கும் குறைவு.

இவ்வெண்களை அப்படியே நம் குடும்பங்களுக்குப் பொருத்திவிடலாகாது. ஜப்பான் இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த நாடு. நம் நாட்டிலோ மக்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கிருமி இருந்தும், புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. இதனை மருத்துவ உலகம் இந்தியப் புதிர் என்றே வழங்குகிறது. ஆகவே எண்களை விடுத்து, அவை உணர்த்தும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழுதும் கிருமியும் கூடும்போது தீங்கு கூட்டல் கணக்கில் அன்றிப் பெருக்கல் கணக்கில் வளர்கிறது. பிறவியில் வந்த பழுதை நம்மால் மாற்ற இயலாது. கிருமியை மாற்றலாம், இரண்டு வாரத்து மருந்தில் மாற்றலாம். அரைகுறை உண்மையாகிய தலைவிதி வாதம் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது.

இத்தகைய பழுதுகள் நம்மவரிடையே உண்டா என்று கேட்கலாம். நம் பெங்களூரிலேயே விடை உள்ளது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், குடும்பத்தில் மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் வரலாறு உடைய தென்னிந்திய நோயாளிகள் 61 பேரைச் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் 17 பேரிடம் பி.ஆர்.சி.ஏ. ஜீன்களின் பழுது காணப்பட்டது. அதிலும் 10 பேரிடம், பி.ஆர்.சி.ஏ.1 ஜீனில் இரண்டு எழுத்துக்கள் விட்டுப்போன ஒரே வகைப் பழுது. ஐரோப்பிய யூதரிடையே மிகுந்து காணப்படும் பழுதும் அதுவே. இந்த ஆராய்ச்சி இரைப்பையைப் பற்றியதன்று. ஆயினும் ஜப்பானியர் கண்டதனோடு சேர்த்துப் பார்த்தால், அத்தைக்கு வந்த மார்பகப் புற்றும் தாத்தாவுக்கு வந்த இரைப்பைப் புற்றும் ஒரே ஏட்டுப் பிழையின் இரு விளைவுகளாகவும் இருக்கக்கூடும் என்பது விளங்கும். குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது வயிற்று நோயை மட்டும் கேட்டால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

அதே சமயம் வீண் அச்சமும் வேண்டாம். இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினருக்கே உறவினரிடையேயும் அந்நோய் காணப்படுகிறது. வலிமையான ஒற்றை ஜீன் பழுது காரணமாக அமைவது நூற்றுக்கு 1 முதல் 3 பேரிடம் மட்டுமே. ஒரே வீட்டில் இருவருக்கு நோய் வருவதற்கு ஒரே உப்பு, ஒரே புகை, ஒரே கிருமி என்பனவும் காரணமாகலாம். கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்தே தொற்றுவது. எக்ஸ்.ஆர்.சி.சி.1 போன்ற வேறு திருத்தும் ஜீன்களில் பலரிடமும் சாதாரணமாகக் காணப்படும் சிறு எழுத்து வேறுபாடுகளைப் பற்றியும் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றின் விளைவு சிறிது. ஓரிடத்து முடிவு மற்றோரிடத்து முடிவோடு ஒத்து வருவதுமில்லை. அத்தகைய வேறுபாடு ஒன்றைக் காட்டி, உமக்குப் புற்றுநோய் வரும் என்று யாரேனும் அச்சுறுத்தினால் அதனைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோர்க்கு உரிய ஒரு சான்றையும் இங்கே கூறவேண்டும். ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களைப் பற்றி 1968-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆராய்ச்சி, குடியேறிய முதல் தலைமுறையினரிடம் இரைப்பைப் புற்றுநோய் ஓரளவு நீடித்ததையும், அங்கேயே பிறந்த அடுத்த தலைமுறையினரிடம் வெகுவாகக் குறைந்ததையும் எடுத்துக்காட்டிற்று. ஊரை மாற்றினால் நோய் நீங்கும் என்ற நம் இரண்டாவது விடையில் உள்ள அரை உண்மை இது. ஆனால் இளமையில் பெற்ற கிருமியும் பழக்கமும் ரயிலேறி நம்முடனே வந்துவிடுகின்றன. பிரேசர் டவுனின் தோற்றமே இதற்கு ஒத்த பாடம். 1898-இல் பெங்களூரைப் பிளேக் வாட்டியபோது நெரிசலே நோயைப் பெருக்கியது என்று உணர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்ட பகுதி இது. மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிப் பின்னாளில் புலிகேசி நகரும் ஆயிற்று. சூழலை மாற்றி நோயை வெல்லலாம் என்பதை நம் வீதிகளே சொல்கின்றன.

இனி நாம் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, குடும்ப நோய் வரலாற்றை எழுதி வைத்தல். பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்து ஜாதகம் கணிக்கிறோம். கோத்திரமும் குலதெய்வமும் மறக்காமல் சொல்கிறோம். தாத்தா எந்த நோயால், எந்த வயதில் இறந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. வேலூரிலும் சேலத்திலும் தர்மபுரியிலும் கோலார் தங்கவயலிலும் சிதறிக் கிடக்கும் உறவினரிடம் சில செய்திகள் இருக்கும். அவர்களும் மறைந்தால் செய்தியும் மறையும். தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு, யாருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய், எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவினருள் ஒருவருக்கு இரைப்பைப் புற்று இருந்தால் மற்றவர்க்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். இருவர் மூவருக்கு வந்திருந்தாலும், 50 வயதுக்குமுன் ஒருவருக்கு வந்திருந்தாலும், பெருங்குடல், கருப்பை, மார்பகம், சூலகம் ஆகியவற்றின் புற்றும் உடன் காணப்பட்டாலும், அத்தாளோடு புற்றுநோய் மருத்துவரை அணுகவேண்டும்.

இரண்டாவது, கிருமிச் சோதனை. நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வந்திருந்தால் மூச்சுச் சோதனை, மலச் சோதனை, உள்நோக்கிச் சோதனை ஆகியவற்றுள் ஒன்றால் கிருமி உண்டா என்று அறிந்துகொள்ளலாம். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமிலம் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு நிறுத்தவேண்டும். இல்லையேல் முடிவு பொய்க்கும். கொரியாவில் இரைப்பைப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய உறவினரில் கிருமி உடையவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றவர்க்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். சுமார் ஒன்பது ஆண்டுகளில் மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், பெறாத 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் கண்டது. 2020-இல் வெளியான இவ்வாராய்ச்சி, குடும்ப வழியில் ஆபத்து உடையவர்க்கும் கிருமியை ஒழிப்பதால் ஆபத்துப் பாதிக்குமேல் குறைவதைக் காட்டிற்று. மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது. நிறுத்தினால் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும். முடித்த பின் கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதிப்பதும் அவசியம்.

மூன்றாவது, அறிகுறிகளைப் புறக்கணியாமை. சிறிது உண்டதும் வயிறு நிரம்பிவிடுதல், காரணமின்றி மெலிதல், ஓயாத வாந்தி, விழுங்குவதில் தடை, கரிய மலம், சோகை என்பன தோன்றினால் வாயுத் தொல்லை என்று கடையில் மாத்திரை வாங்கி மாதங்களை ஓட்டலாகாது. உள்நோக்கிச் சோதனை சில நிமிடங்களில் முடிவது. தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இரைப்பைப் புற்று குணமாகக் கூடியது. நம் நாட்டில் பெரும்பாலோர் முற்றிய பின்பே வருகிறார்கள்.

நான்காவது, ஜீன் சோதனை. இதனை எல்லோரும் செய்துகொள்ளத் தேவையில்லை. குடும்ப வரலாறு ஐயத்துக்கு இடம் தந்தால், நோய் கண்டவரையே முதலில் சோதிக்கவேண்டும். அறுவையில் எடுத்த கட்டியை மருத்துவமனைகள் மெழுகில் பதித்து வைத்திருக்கும். அதிலேயே, பொருந்தா எழுத்தைத் திருத்தும் நான்கு புரதங்களும் உள்ளனவா என்று சாயமிட்டுப் பார்க்கலாம். அவருடைய ரத்தத்தில் பழுது உறுதியானால் மற்றவர்க்கு அந்த ஓரிடத்தை மட்டும் சோதித்தால் போதும். பொருள் விளங்காத மாற்றம் என்று ஒரு முடிவு வருவதும் உண்டு. உலக ஜீன் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாருடையவை ஆதலால் நம்மவர்க்கு இது மிகுதியாக நேர்கிறது. அதைப் பழுது என்று கொண்டு மனம் உடையலாகாது. சோதனைக்கு முன்னும் பின்னும் இத்துறை அறிந்தவரிடம் ஆலோசனை பெறுதல் நன்று. இன்ஷூரன்ஸ் கிடைக்காதோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: பாரம்பரிய நோய் என்ற பொதுப்பெயரால் காப்பீட்டை மறுக்கும் விதி செல்லாது என்று 2018 பிப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஐந்தாவது, உணவும் பழக்கமும். கருவாடு, உப்பில் ஊறியவை, நாள்தோறும் தட்டு நிறைய ஊறுகாய் என்னும் வழக்கத்தைக் குறைத்துக் காயும் கனியும் கூட்டிக்கொள்ளவேண்டும். பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடா. திருத்தும் ஆற்றல் குறைந்த உடலுக்கு அவை இரட்டைச் சுமை.

இறுதியாகத் திருமணத்தைப் பற்றி. திருத்தும் ஜீனில் பழுது உடையவரும் மணம் செய்துகொண்டு மக்களைப் பெற்று நெடுநாள் வாழத் தடை எதுவும் இல்லை. ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணக்கும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். கணவன், மனைவி இருவரிடமும் பொருந்தா எழுத்தைத் திருத்தும் அதே ஜீனின் பழுது இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாகவே அமையும் வாய்ப்பு நாலில் ஒன்று. அத்தகைய குழந்தைகளுக்கு இளம் வயதிலேயே புற்றுநோய் வருகிறது. எனவே நோய் வரலாற்றை மறைப்பதால் காப்பாற்றப்படுவது சம்பந்தம் ஒன்றே, பேரப்பிள்ளைகள் அல்லர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை வீட்டுக்குள் மறைத்து வைக்காமல் பொதுப்பணியாக மாற்றினார்; 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தோன்றியது. அவ்வளவு பெரிய பணி நம்மால் இயலாமற்போகலாம். பொங்கலுக்கு உறவினர் கூடும் நாளில் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகே அமர்ந்து, யார் யார் எதனால் இறந்தார்கள் என்று கேட்டு எழுதுவது நம் எல்லோராலும் இயலும். அதனை இவ்வாண்டே செய்யுமாறு நம் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.